வெளியேற வழியில்லாத மணிச்சத்து

சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாயில் தண்ணீர் தளும்பிக் கிடந்தால், மகிழ்வதற்கு முன் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். இந்த வானம் பார்த்த பூமிக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவே கொட்டித் தீர்ந்துவிடும். திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பிலிருந்து வெயிலும் காற்றும் எடுத்துக்கொள்வதோ ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல். கண்மாயின் ஆழம் பெரும்பாலான இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டாது. ஆகவே பங்குனி, சித்திரையில் வற்றுவதுதான் அதன் இயல்பு. வற்றாமல் கிடக்கிறதென்றால், வானம் தராத தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அது எந்தத் தண்ணீர் என்பதில் மர்மம் இல்லை. அருப்புக்கோட்டை, வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாய் வழியே குடிநீர் பெறும் ஊர். தறியும் நூற்பாலையும் சேர்ந்து வளர்த்த ஊர். வளர்ந்த வேகத்துக்கு வாய்க்கால்கள் ஈடுகொடுக்கவில்லை. வீட்டில் புழங்கியது போக மிச்சம் வாசலில் இறங்கி, சரிவு பார்த்து ஓடி, தாழ்வான கண்மாயில் சேர்கிறது. மழைநீர் ஓடி வருவதற்காக முன்னோர் பார்த்துவைத்த வாட்டம் சாக்கடைக்கும் வசதியாகப் போயிற்று. செவல் கண்மாய் போன்றவை ஒரு காலத்தில் ஊரின் ஓரம். இன்று ஊர் அவற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டது. இப்படி ஊருக்குள் சிக்கிய கண்மாயின் தண்ணீர் காலையில் புல்பச்சையாக இருக்கும். உச்சிவெயிலில் மேலே ஆடை படரும். சாயங்காலம் காற்று அந்த ஆடையைக் கரையோரம் ஒதுக்க, அது நீலம் பாரித்து நாறத் தொடங்கும். அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது, ஏன் போக மறுக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

பச்சைக்குக் காரணம் மிதவை உயிர்கள். நீந்தி எதிர்த்துப் போகத் திராணியில்லாமல் நீர் இழுத்த இழுப்புக்குப் போகும் நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு 1887இல் ஜெர்மானியர் விக்டர் ஹென்சன் பிளாங்டன் என்று பெயரிட்டார். அவற்றைப் பிடிக்க அவர் பயன்படுத்திய வலை, மாவு ஆலைகளில் மாவு சலிக்க நெய்யப்பட்ட பட்டுத்துணி. (நெசவாளர் ஊர் ஒன்றில் நின்று இதை எழுதும்போது, இந்த அறிவியலே நல்ல நெருக்கமான நெசவு ஒன்றிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) இவற்றில் ஒளியை உண்டு வளரும் தாவர மிதவைகள் ஒரு வகை: டையட்டம், பச்சைப்பாசி, நீலப்பச்சைப்பாசி. அவற்றை மேய்ந்து வளரும் விலங்கு மிதவைகள் மற்றொரு வகை: நீர்த்தெள்ளு, சக்கர உயிரி, இன்னும் பல.

தாவர மிதவைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் நம் விவசாயியே பாதி விடை சொல்லிவிடுவார்: தழைச்சத்து, மணிச்சத்து. அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ். எந்த விகிதத்தில் என்பதைக் கடல் நீரை ஆராய்ந்த ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934இல் தொடங்கிய ஆய்வுகளில் கண்டார். மிதவை உயிர்களின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குப் பதினாறு நைட்ரஜன், நூற்றாறு கார்பன் அணுக்கள் இருந்தன. எடையில் பார்த்தால், ஒரு கிராம் பாஸ்பரஸுக்கு ஏழு கிராம் நைட்ரஜன். அந்த ஒரு கிராம் கிடைத்தால், மற்றவை குறையாத பட்சத்தில், உலர்ந்த எடையில் நூறு கிராமுக்கும் மேல் பாசி உருவாகலாம். வளர்ச்சியின் கடிவாளம் மிகக் குறைவாக இருக்கும் சத்தின் கையில் இருக்கும். கார்பனும் நைட்ரஜனும் காற்றிலிருந்து வர வழியுண்டு. பாஸ்பரஸுக்குக் காற்றில் இருப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அது மண்ணோடும் நீரோடும் மலத்தோடும் மட்டுமே பயணம் செய்யும்.

இதைக் கண்ணால் காணும்படி நிரூபித்தவர் கனடாவின் டேவிட் ஷிண்ட்லர். ஒண்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில், நடுவே இடுப்பு சிறுத்த 226ஆம் எண் ஏரியை 1973இல் ஒரு திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் இட்ட பாதி பச்சையாகப் பொங்கியது. இடாத பாதி தெளிந்தே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம் வட அமெரிக்காவில் சலவைத்தூளில் பாஸ்பேட் கலப்பது பற்றிய சட்டங்களையே அசைத்தது.

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். நூறு ஏக்கர் கண்மாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு மீட்டர் தண்ணீர். மொத்தம் நான்கு லட்சம் கன மீட்டர். ஒரு லிட்டரில் 100 மைக்ரோகிராம் பாஸ்பரஸைத் தாண்டினால் அந்த நீர்நிலையைச் சத்து மிகையின் உச்சத்தில் இருப்பதாக வகைப்படுத்துவது சர்வதேச வழக்கம். இந்தக் கண்மாய் அந்த அளவைத் தொட மொத்தம் 40 கிலோ பாஸ்பரஸ் போதும். ஒரு மனிதர் தம் உடலிலிருந்து நாளொன்றுக்கு வெளியேற்றுவது ஏறத்தாழ ஒன்றரை கிராம். பத்தாயிரம் பேரின் கழிவு முழுதும் வந்து சேர்வதாக வைத்தால் நாளுக்கு 15 கிலோ. தெளிந்த கண்மாய் ஒன்றை உச்ச வரம்புக்குத் தள்ள மூன்று நாள்கூட வேண்டாம். கழிவில் ஒரு பகுதி தொட்டிகளிலும் மண்ணிலும் தங்கிவிடும் என்று தள்ளுபடி கொடுத்து, பத்தில் ஒன்றுதான் வருகிறது என்று கணக்கிட்டாலும் ஒரு மாதம் போதும். அருப்புக்கோட்டையின் மக்கள்தொகையோ பத்தாயிரத்தைப் போல் பல மடங்கு.

நைட்ரஜன் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். சாக்கடையில் அதுவும் தாராளமாக வருகிறது. ஆனால் வெப்பமான ஆழமற்ற நீரில், ஆக்சிஜன் இல்லாத சேற்றுப் பரப்பில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. நைட்ரஜன் குறைந்து பாஸ்பரஸ் மிஞ்சுகிற அந்த நிலை, காற்று நைட்ரஜனைத் தானே பிடிக்கத் தெரிந்த நீலப்பச்சைப்பாசிகளுக்கு வாய்ப்பாகிறது. அனபினா அப்படிப்பட்டது, அதற்கென்றே தடித்த சுவருடைய தனி உயிரணு வைத்திருக்கிறது. மைக்ரோசிஸ்டிஸுக்கு அந்தத் திறன் இல்லை. ஆனால் உடலுக்குள் காற்றுப் பைகள் உண்டு. வேண்டும்போது மேலெழுந்து ஒளியைப் பிடித்துக்கொண்டு, கீழே இருப்பவற்றுக்கு நிழலாகிவிடும். வெப்ப நாட்டு ஏரிகளில் நைட்ரஜன்தான் பல நேரம் தட்டுப்பாடு என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. சில வாரக் கணக்கில் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆண்டுக் கணக்கில், மனிதன் கையில் இருக்கும் திருகு பாஸ்பரஸ்தான் என்பது என் முடிவு. நைட்ரஜனை எவ்வளவு அடைத்தாலும் காற்றில் கதவு திறந்தே கிடக்கிறது.

இதுவரை சொன்னது எந்த ஊர் ஏரிக்கும் பொருந்தும். கரிசலும் செவலும் கலந்த இந்த வறண்ட நாட்டுக் கண்மாய்க்கு மட்டும் உரிய கதை வேறொன்று உண்டு. ஏரியியல் பாடநூல்கள், பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை, அதைத் தொடுவதில்லை. கண்மாய் என்பது வற்றுவதற்காகவே கட்டப்பட்ட நீர்நிலை.

ஊருக்கு எட்ட உள்ள, இன்னும் சாக்கடை எட்டாத கண்மாய் ஒன்றின் ஓராண்டைப் பார்க்கலாம். ஐப்பசியில் வரத்துக்கால் வழியே முதல் தண்ணீர் கலங்கி வரும். காய்ந்து வெடித்துக் கிடந்த உள்வாயில் அது படும்போது மண்ணிலிருந்து சத்து ஒரே மூச்சில் கரைந்து வெளிவரும். காய்ந்த மண் நனையும்போது அதன் மட்கு வேகமாகச் சிதைந்து நைட்ரஜன் விடுபடுவதைக் கென்யாவில் பணியாற்றிய பிர்ச் 1958இல் விளக்கி எழுதினார். வெயிலில் செத்த நுண்ணுயிர்களின் உடலும் சேர்ந்து கரையும். உள்வாயில் சீமைக்கருவேலம் அடைத்திருந்தால் அதன் சருகும் சேரும். அது காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் மரம் என்பதால் அந்தச் சருகு சத்து மிகுந்தது. இத்தனை சத்து இருந்தும் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பச்சையாவதில்லை. கரிசல் களிமண் அவ்வளவு எளிதில் அடியில் தங்காது. நீர் பழுப்பாகவே கிடக்கும். சாண் ஆழத்துக்குக் கீழே ஒளி போகாது. சத்து மிஞ்சி, ஒளி தட்டுப்பாடான காலம் அது.

தை பிறந்து காற்று தணிந்து கலங்கல் தெளியும்போதுதான் மிதவைகள் எழும். முதலில் டையட்டமும் பச்சைப்பாசியும், பின்னாலேயே அவற்றை மேயும் சக்கர உயிரிகளும் நீர்த்தெள்ளுகளும். இந்த விலங்கு மிதவைதான் மீன்குஞ்சின் முதல் உணவு. கட்லா மீன் வளர்ந்த பின்னும் அதையே நம்பி வாழும். அதற்குள் மடை திறந்தாகிவிட்டது. சத்து கரைந்த நீர் வயலுக்குப் போகிறது. நல்ல மழை கண்ட ஆண்டானால் அதற்கு முன்பே மறுகால் பாய்ந்து, ஒரு பகுதி கீழ்க் கண்மாய்க்கும் கடைசியில் குண்டாற்றுக்கும் போயிருக்கும். மாசி, பங்குனியில் நீர் சுருங்கும், மீன்பிடி நடக்கும், மீனோடு கொஞ்சம் சத்து கரையேறும். சித்திரையில் அடி தெரியும். அப்போது வண்டி கட்டிக்கொண்டு வந்து கரம்பை என்னும் வண்டலை அள்ளுவார்கள். ஓராண்டில் வந்து படிந்த மணிச்சத்து, எந்த வயல்களிலிருந்து கரைந்து வந்ததோ அந்த வயல்களுக்கே திரும்பிவிடும்.

நீர் வயலுக்கு, மீன் சந்தைக்கு, வண்டல் புன்செய்க்கு, மிச்சம் மறுகாலுக்கு. பாஸ்பரஸ் வெளியேற நான்கு வழிகள். யாரும் பாஸ்பரஸ் என்று நினைத்துச் செய்ததில்லை. ஆனாலும் கணக்கு நேராகிக்கொண்டிருந்தது.

ஊருக்குள் சிக்கிய கண்மாயில் இந்த நான்கில் மீனைத் தவிர மூன்றும் அடைபட்டுப் போயின. ஆயக்கட்டு வீட்டுமனையானதால் மடை திறக்க ஆளில்லை. வரத்துக்கால்கள் தூர்ந்து மழைவெள்ளம் குறைந்ததால் மறுகால் பாய்வது அரிதாயிற்று. தண்ணீர் வற்றாததால் வண்டல் அள்ள முடியாது. தண்ணீர் வெளியேற மிஞ்சிய ஒரே வழி ஆவியாதல். அது தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு சத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகும், தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதைப் போல. உப்பளத்திலாவது விளைந்ததை வாரி எடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் ஆவியாகும் கண்மாயில் மழை போக மிச்சத்தைச் சாக்கடை நிரப்பிக்கொண்டே இருந்தால், நீர்மட்டம் மாறாமல் நிற்க, அதற்குள் இருக்கும் பாஸ்பரஸ் மட்டும் ஆண்டுதோறும் ஏறும். குளிர்நாட்டு ஏரிக்கு ஆறு ஒன்று உள்ளே வந்து வெளியே போகும். இங்கே அந்தப் போக்கும் இல்லை.

அடிச்சேற்றின் வேதியியல் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. செவல் மண்ணுக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடு பாஸ்பேட்டைக் கெட்டியாகப் பிடித்துவைக்கும். கரிசலில் உள்ள சுண்ணாம்பும் ஓரளவு பிடிக்கும். ஆக்சிஜன் இருக்கும்வரை இந்தப் பிடி தளராது. பாசி செத்து அடியில் அழுகத் தொடங்கினால் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஒரு கிராம் பாஸ்பரஸில் வளர்ந்த பாசி முழுதும் அழுக 140 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் நீரில் கரைந்து நிற்பதே ஏழரை கிராம்தான். ஆக்சிஜன் போனதும் இரும்பு உருமாறி, பிடித்துவைத்த பாஸ்பேட்டை நீரில் விட்டுவிடும். இங்கிலாந்தின் மார்ட்டிமர் 1941, 1942 ஆண்டுகளில் விரிவாக விளக்கிய நிகழ்வு இது. கந்தகம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அதிலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்பைக் கறுப்புச் சல்பைடாகக் கட்டிப்போட்டுவிடும். பிறகு ஆக்சிஜன் திரும்பினாலும் பாஸ்பேட்டைப் பிடிக்க உடனடியாகக் கைவசம் இரும்பு இருக்காது.

கந்தகம் என்றதும் திருச்சுழி நினைவுக்கு வருகிறது. 1879இல் அங்கே பிறந்த ரமணர், திருமேனிநாதர் கோயில் முன்னுள்ள குளத்தைப் பற்றிச் சொன்னதை அடியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாசி மகத்தை ஒட்டி அதில் நீர் ஏறி இறங்கும் என்றும், வெள்ளி நகையோடு அதில் குளித்தால் நகை கறுத்துவிடும் என்றும், நீரில் உள்ள கந்தகமே காரணம் என்றும் அவர் நினைவுகூர்ந்தார். வெள்ளியைக் கறுக்கச் செய்வது சல்பைடு. அது ஊற்றுநீரோடு வந்ததா, அடிச்சேற்றில் பிறந்ததா என்பது வேறு விசாரணை. எந்த வழியில் வந்தாலும், அப்படிப்பட்ட நீரின் அடியில் இரும்பால் பாஸ்பேட்டைக் கட்டிவைக்க முடியாது. புனித நீரின் குணமாகச் சிறுவர்கள் வேடிக்கை பார்த்ததில் ஒரு நல்ல வேதியியல் சோதனை ஒளிந்திருந்தது.

குளத்துப் பச்சையை முறையாக ஆராய்ந்த தமிழ்நாட்டு மரபு நமக்கு உண்டு. எஸ். வி. கணபதி என்ற ஆய்வாளர், மைக்ரோசிஸ்டிஸ் பாசி நிரந்தரமாகப் படர்ந்திருந்த ஒரு கோயில் குளத்தின் சூழலியலை 1940இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். ‘நிரந்தரமாக’ என்பதுதான் கவனிக்க வேண்டியது. குளிர்நாட்டில் பாசி கோடையில் பொங்கிக் குளிரில் அடங்கும். இங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லை; வற்றுதலே அதன் இடத்தில் இருந்து பாசியை அடக்கியது. வற்றாத கோயில் குளத்துக்கு அந்த அடக்கமும் இல்லாமல் போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேசிகாசாரி 1959இல் வெளியிட்ட நீலப்பச்சைப்பாசிகள் பற்றிய பெருநூல் இன்றும் உலகெங்கும் மேசையில் இருக்கிறது. பாசிகளை அடையாளம் காண நம்மிடம் அன்றே ஆள் இருந்தது. பார்க்க வேண்டிய குளங்கள்தாம் பின்னர் சாக்கடைத் துறையின் பொறுப்பாகச் சுருங்கிப் போயின. 

பச்சை கூடினால் மீன் கூடும் என்று ஒரு கட்டம் வரை சொல்லலாம். கிராமத்தில் மீன் வளர்க்கச் சாணம் கரைப்பது அதற்காகத்தான். கட்டம் தாண்டினால் கதை திரும்பும். பகலில் பாசி ஆக்சிஜனைக் கொட்டும். இரவில் அதுவே மூச்சுவிட்டு ஆக்சிஜனைக் குடிக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மிதப்பது அதனால்தான். பகலிலும் ஆபத்து உண்டு. பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச உறிஞ்ச நீர் காரமாகும். கார அளவு (pH) 9ஐத் தொட்டால், இந்த ஊர் வெப்பத்தில், சாக்கடை கொண்டுவந்த அம்மோனியாவில் ஏறக்குறைய பாதி மீனுக்கு நஞ்சான வடிவத்துக்கு மாறிவிடும். இவ்வளவையும் தாங்குவது 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை. அது விலங்கு மிதவையையும் தின்று, சேற்றைக் கிளறிச் சத்தை மேலே எழுப்பியும் விடும். கண்மாயின் மீன்பிடியை ஏலம் எடுத்தவருக்கு மீன் கிடைத்தது. பாசியை மேய ஆள் இல்லாமல் போனது.

நீலப்பச்சைப்பாசியில் சில வகை ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். 1996இல் பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் உள்ள கருவாரு நகரில், பாசி படர்ந்த நீர்த்தேக்கத்துத் தண்ணீரைச் சரிவரச் சுத்திகரிக்காமல் டயாலிசிஸ் சிகிச்சைக்குப் பயன்படுத்தியதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். குடிநீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அருப்புக்கோட்டை கண்மாய் நீரைக் குடிப்பதில்லைதான். ஆடும் மாடும் குடிக்கின்றன. அவை வந்து நிற்கும் கரையோரத்தில்தான் காற்று பாசியை ஒதுக்கித் திரட்டி வைத்திருக்கிறது.

சீரமைப்பு என்றதும் நகராட்சிகளுக்கு முதலில் தோன்றுவது நடைபாதையும் வேலியும் விளக்கும். அடுத்து ஆழப்படுத்துதல். சேறு கண்மாயை விட்டு வெளியேறாதவரை, பாஸ்பரஸ் கணக்கில் இவை எதுவும் ஏறாது. மீன் பிடிப்பது ஏறும், ஆனால் குறைவாக: ஒரு டன் மீனில் பாஸ்பரஸ் நான்கைந்து கிலோதான். இருபது டன் பிடித்தாலும் பத்தாயிரம் பேரின் ஒரு வாரக் கழிவுக்கே ஈடு. வண்டல்தான் பெரிய வழி. சுவீடனில் வேக்‌ஷோ நகரத்து ட்ரம்மென் ஏரிக்குச் சாக்கடையை நிறுத்திப் பத்தாண்டு ஆன பிறகும் பச்சை விடவில்லை. 1970, 1971 ஆண்டுகளில் அடிச்சேற்றை ஒரு மீட்டர் ஆழத்துக்கு உறிஞ்சி எடுத்த பின்னரே ஏரி தெளிந்தது. எடுத்த சேற்றைக் காயவைத்துப் பூங்காக்களுக்கு உரமண்ணாகப் போட்டார்கள். நம்மூர்க் கரம்பையை அவர்கள் இயந்திரம் வைத்துச் செய்தார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் 2017 ஏப்ரலில் விவசாயிகள் கண்மாய் வண்டலைக் கட்டணமின்றி அள்ள அரசு அனுமதி தந்தது; அதே ஆண்டில் குடிமராமத்தும் மீண்டும் தொடங்கியது. ஊர்க் கண்மாய் வண்டலை அள்ளும் முன் உலோகமும் சாயக்கழிவும் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். செங்கல் சூளைக்குப் போகாமல் புன்செய்க்குப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். வண்டலில் கிலோவுக்கு ஒரு கிராம் பாஸ்பரஸ் இருப்பதாக வைத்துக்கொண்டால், உலர்ந்த நிலையில் மூன்று டன் ஏற்றும் டிராக்டர் நடைக்கு மூன்று கிலோ. பத்தாயிரம் பேரின் ஒரு நாள் கழிவை ஈடுகட்ட ஐந்து நடை. ஓராண்டுக் கழிவை ஈடுகட்ட 1,800 நடைக்கும் மேல். வாய்க்காலை முதலில் திருப்பி, கண்மாயை ஒரு சித்திரையாவது முழுக்க வற்றவிட்டு, அதன் பிறகு அள்ளினால் அத்தனை நடையும் கணக்கில் நிற்கும். வாய்க்கால் அப்படியே ஓடிக்கொண்டிருக்க அள்ளினால், அடுத்த சித்திரைக்குள் அவ்வளவும் திரும்ப வந்து சேர்ந்திருக்கும்.